நகர நடுவே ஒரு கடைத்தொகுதி



பல ஆண்டுகளுக்கு முன்னர் நான் பணியாற்றிய பாடசாலை ஒன்றிலே புதிய வகுப்பறைக் கட்டடம் எழுந்தது. அக்கட்டடத்தோடு, வெளிவாயிலிலிருந்து வகுப்பறைப் படிவரைக்கும் ஒரு சீமெந்துப் பாதையும் இட்டோம். மைதானத்தின் ஓரத்தைப் பற்றிச் சென்று, மூலையிலே செங்கோணமாகத் திரும்பும் அழகிய பாதை அது. இரு மருங்கும் செவ்வரத்தை நட்டோம். மூன்று மாதங்கள் கழிந்தன. பிள்ளைகளுள் ஒருவராவது அப்பாதையால் வந்தாரில்லை. வாயிலிலிருந்து வகுப்பறைவரை, மைதானத்தின் குறுக்கே, புல் தேய்ந்து செம்மண் தெரிய ஒற்றையடிப் பாதையொன்று கிடந்தது. கண்டித்தோம்; கயிறு கட்டினோம்; கயிற்றைத் தாண்டியும் கால்கள் சென்றன.

அன்று அப்பிள்ளைகள்மேல் எனக்கு மிகுந்த சினம் இருந்தது. நகர அமைப்பைப் பற்றிய நூல்கள் சிலவற்றைப் பிற்காலத்திற் படிக்க நேர்ந்தபோது அச்சினம் தணிந்தது. செல்வத்திலும் கல்வியிலும் சிறந்த பெருநகரங்களிலேயே, கற்றறிந்த பொறியியலாளர் பெருந்தொகை செலவிட்டு அமைத்த வழிகளை மக்கள் கைவிட்ட வரலாற்றை அங்கே கண்டேன். நகர நடுவில் அமையும் கடைத்தொகுதி எவ்வாறு திட்டமிடப்படுகின்றது, அது செழிப்பதும் நலிவதும் எக்காரணங்களால் என்பவையே இன்றைய பேச்சின் பொருள். பொதுப்படப் பேசுவதிலும் ஓரூரின் கதையைக் கூறுவது தெளிவு தரும். ஆதலின் இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள பேர்மிங்காம் நகரத்தை எடுத்துக்கொள்கிறேன். ஒரே இடத்தில், நாற்பது ஆண்டுகளுக்குள், இரண்டு பெருங் கடைத்தொகுதிகளைக் கட்டிய நகரம் அது. முதலாவது 1964ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது; அதனை இடித்து அகற்றிய நிலத்தில் இரண்டாவது 2003ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. முன்னதை ஏன் இடித்தனர், பின்னதில் எதனை மாற்றினர் என்று ஆராய்வோமாயின், இத்துறையின் அடிப்படைகள் பலவும் விளங்கிவிடும்.

பேர்மிங்காம் சந்தையாற் பிறந்த நகரம் என்று கூறினால் மிகையாகாது. 1166ஆம் ஆண்டிலே, அவ்வூரின் நிலவுடைமையாளராயிருந்த பீற்றர் டி பேர்மிங்காம் என்பவர், இரண்டாம் ஹென்றி மன்னரிடமிருந்து வாரச் சந்தை கூட்டும் உரிமையைப் பெற்றார். அன்றுமுதல் அவ்விடத்திற் கொடுக்கல் வாங்கல் ஓயவில்லை. இடத்தின் அமைப்பையும் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். வானொலியில் வரைபடம் காட்ட இயலாது. ஆகவே நேயர்கள் தங்கள் இடக்கையை விரித்து, விரல்கள் மேல்நோக்கியிருக்கப் பிடித்துக்கொள்வார்களாக. விரல்களே மேட்டுநிலத்திலுள்ள பெரிய கடைவீதிகள். மணிக்கட்டு, சரிவின் அடியிலுள்ள சென் மாட்டின் தேவாலயம். இடையிலுள்ள உள்ளங்கை, மேட்டிலிருந்து தேவாலயத்தை நோக்கி அகன்று இறங்கும் சந்தைவெளி. காளைகளைக் கட்டும் இரும்பு வளையம் ஒன்று முற்காலத்தில் அங்கிருந்தமையால், அவ்வெளி 'புல்றிங்', அதாவது காளை வளையம், எனப் பெயர் பெற்றது என்பர்.

விரல்களிலிருந்து மணிக்கட்டுக்கு மக்கள் இயல்பாகவே இறங்கி வந்தனர். வரும் வழியில் மரக்கறி, மீன், பூ, துணி, பாத்திரம் எல்லாம் இருந்தன. 1809ஆம் ஆண்டில், கடற்படைத் தலைவர் நெல்சனின் சிலை அங்கே நிறுவப்பட்டது. 1835ஆம் ஆண்டில், ஏறக்குறைய 600 கடைத்தட்டுகளைக் கொண்ட பெரிய சந்தை மண்டபம் எழுந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1940ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில், அம்மண்டபத்தின்மேற் குண்டு விழுந்து கூரை எரிந்தது. சுவர்கள் மாத்திரம் நின்றன. அவ்வாறாகியும் வணிகர் ஓடிவிடவில்லை. கூரையற்ற சுவர்களின் நடுவே, திறந்த வானத்தின் கீழ், போருக்குப் பின்னரும் பல்லாண்டுகள் கடை பரப்பினர். சந்தை என்பது கட்டடத்தைப் பொறுத்ததன்று, மக்கள் வந்து சேரும் இடத்தைப் பொறுத்தது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

போர் முடிந்ததும் நகரத்தைப் புதுக்கும் பணி தொடங்கிற்று. 1935 முதல் 1963 வரை நகரப் பொறியியலாளராயிருந்த சேர் ஹேர்பேர்ட் மன்சோனி என்பவரே அப்பணியின் தலைவர். அவரைப் பழிப்பது எளிது; அவர் எதிர்நோக்கிய இடர்களையும் எண்ணிப்பார்த்தல் நீதியாகும். பேர்மிங்காம், மோட்டார் வண்டி செய்யும் தொழிற்சாலைகளாற் புகழ்பெற்ற நகரம். ஒடுங்கிய பழைய வீதிகளில் பஸ் வண்டி, பாரவண்டி, மோட்டார் வண்டி யாவும் நெருக்குண்டு நின்றன. நெருக்கத்தைத் தீர்க்க, நகர மையத்தைச் சுற்றி வளைத்துச் செல்லும் பெருவீதியொன்றை அவர் வகுத்தார். அதற்கான சட்டம் 1946இல் நிறைவேறியது; வேலை 1957இல் தொடங்கியது; வளையம் முற்றுப்பெற்றது 1971இல். நோக்கம் நன்று: ஊடறுத்துச் செல்லும் வண்டிகள் வெளியே செல்ல, மையத்தில் மக்கள் அச்சமின்றி உலாவலாம் என்பதே எண்ணம்.

இனி, கடைத்தொகுதி என்பதன் கணக்கையும் நாம் அறிந்துகொள்ள வேண்டும். வியன்னாவிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய விக்ரர் குரூன் என்னும் கட்டடக் கலைஞர், மினியாப்பொலிஸ் நகரின் அருகே சவுத்டேல் என்னும் கடைத்தொகுதியை வகுத்தார். அது 1956ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. கூரையின் கீழ் ஒரு முற்றம். வெளியிற் பனி பெய்யினும் வெயில் எரிப்பினும் உள்ளே ஒரே அளவான வெப்பம். ஒன்றோடொன்று போட்டியிட்ட இரண்டு பேரங்காடிகள் ஒரே கூரையின் கீழ். பேரங்காடி என்பது, ஊசி முதல் உடுபுடைவைவரை பல்வேறு பகுதிகளாக விற்கும் பெருங் கடை. அதனை நாடிப் பலர் வருவர். அத்தகைய இரண்டு கடைகளை இரு முனைகளில் வைத்து, இடையிற் சிறு கடைகளை வரிசையாக அமைத்தால், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்வோர் சிறு கடைகளின் வாயிலைக் கடந்தே செல்ல வேண்டும். அவ்வாறு கடப்போரிற் சிலர் நிற்பர். நிற்போரிற் சிலர் வாங்குவர். சிறு கடைக்காரர் கொடுக்கும் வாடகை, தம் வாயிலைக் கடக்கும் கால்களின் தொகைக்கே கொடுக்கும் விலையாகும். ஆதலால், பேரங்காடிகளுக்குக் குறைந்த வாடகையும், அவற்றால் வரும் கூட்டத்தை நம்பும் சிறு கடைகளுக்குச் சதுர அடி ஒன்றுக்கு உயர்ந்த வாடகையும் விதிப்பது இத்தொழிலின் வழக்கம்.

இக்கணக்கிலிருந்து இரண்டு உண்மைகள் புலனாகும். கால்கள் கடவாத இடத்திலுள்ள கடைக்கு எத்துணை அலங்காரம் செய்யினும் பயனில்லை என்பது ஒன்று. கட்டடத்துக்குச் செலவு மிகுந்தால் வாடகை மிகும், வாடகை மிகுந்தால் கீரையும் மீனும் விற்பவர் அங்கே நிற்க முடியாது என்பது மற்றொன்று. சவுத்டேல் நகரப் புறத்திலே, திறந்த நிலத்திலே கட்டப்பட்டது; அங்கே மக்கள் மோட்டார் வண்டியில் வந்து இறங்கினர். பழைய நகரின் நடுவிலோ நிலைமை வேறு. அங்கே மக்கள் முன்னரே நடந்துகொண்டிருக்கின்றனர். கட்டடம் அவர்களுடைய வழியிற் சென்று நிற்க வேண்டும்.

பேர்மிங்காமின் முதற் கடைத்தொகுதி, 1964ஆம் ஆண்டு மே மாதம் 29ஆம் திகதி எடின்பரோக் கோமகனாரால் திறந்துவைக்கப்பட்டது. ஏறக்குறைய 23 ஏக்கர் நிலப்பரப்பில், 80 இலட்சம் பவுண் அளவான செலவில் அமைந்த திட்டம் அது. பிரித்தானிய நகர மையங்களிலே கூரையின் கீழ் அமைந்த பெருங் கடைத்தொகுதிகளுள் அது முன்னோடியாகும். பல தளங்கள், நகரும் படிக்கட்டுகள், அளவான வெப்பத்திற் காக்கப்பட்ட காற்று, உள்ளேயே பஸ் நிலையம், வண்டி நிறுத்துமிடம், கீழே திறந்தவெளிச் சந்தைக்கும் ஓரிடம். அடுத்த ஆண்டில், ஜேம்ஸ் றொபேட்ஸ் என்பவர் வகுத்த 'றொட்டண்டா' என்னும் உருளை வடிவான உயர்ந்த கட்டடமும் அருகே நிறைவெய்தியது. வெளிநாட்டார் வந்து கண்டு வியந்தனர். எதிர்கால நகரம் இதுவே என்று பத்திரிகைகள் எழுதின.

ஆயினும் சில ஆண்டுகளுக்குள்ளேயே கட்டடத்தின் உள்ளே கடைகள் பல வாடகைக்கு ஆளின்றிக் கிடந்தன. திறந்தவெளிச் சந்தையோ மக்களை இழக்கவில்லை. இதற்குக் காரணங்கள் மூன்று.

முதற் காரணத்தை அறிய, நேயர்கள் மீண்டும் இடக்கையை விரிப்பார்களாக. வலக்கையின் சுட்டுவிரலை, இடக்கை விரல்களின் அடியில், உள்ளங்கை தொடங்கும் இடத்திற் குறுக்காக வையுங்கள். அச்சுட்டுவிரலே புதிய சுற்றுவீதி. மேட்டிலுள்ள கடைவீதிகளுக்கும் சந்தைவெளிக்கும் நடுவே அது கிடந்தது. எண்ணூறு ஆண்டுகளாக மக்கள் இறங்கி வந்த வழி அறுபட்டது. வண்டிகள் தரைமேற் சென்றன. நடப்பவர் நிலத்தின் கீழே சுரங்க நடைவழிகளிற் சென்றனர். வண்டியையும் மனிதரையும் பிரித்துவைப்பது உயிர்ப் பாதுகாப்புக்கு உகந்தது என்றே அவ்வாறு செய்தனர். ஆனால், பகலிலும் விளக்கெரியும் ஒடுங்கிய வழியில், வளைவுக்கப்பால் நிற்பவர் எவர் என்றறியாமல் இறங்கிச் செல்ல யார் விரும்புவர்? பொதி சுமந்த முதியவரும், கைக்குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளும் தாயும் படியிறங்கிப் படியேற வேண்டும். மழை நாளில் நீர் தேங்கும். இரவில் அச்சம் தோன்றும். அப்பொறியியலாளரின் பெயரைத் தாங்கிய சிறு பூங்காவொன்றும் புல்றிங்கிலே இருந்தது. வீதிகள் சூழ்ந்த பள்ளத்திலே, சுரங்க நடைவழிகளாற் சென்றடைய வேண்டிய பூங்கா அது. வரைபடத்திற் பச்சையாகத் தெரிந்த அவ்விடம், வாழ்க்கையில் ஒரு தீவாகக் கிடந்தது.

இரண்டாம் காரணம் தளங்கள். சரிவான நிலத்திலே பல தளங்களை அடுக்கினால், எந்தத் தளத்தில் நிற்கிறோம், எந்த வாயில் எந்த வீதிக்குச் செல்லும் என்பது புதியவருக்கு விளங்குவது அரிது. மனிதர் சந்தைக்கு வந்தால் கண்ணுக்குத் தெரியும் ஓர் அடையாளத்தை நோக்கி நடப்பர். பழைய புல்றிங்கில் அந்த அடையாளம் தேவாலயத்தின் கூர்ங்கோபுரம். புதிய கட்டடமும் வீதியும் அக்காட்சியைக் குலைத்துவிட்டன. மேலும், காரணமின்றி எவரும் மாடி ஏறுவதில்லை என்பது கடைக்காரர் யாவரும் அறிந்த உண்மை. கீழ்த்தளத்துக் கடையை வழிப்போக்கர் தற்செயலாகக் காண்பர். மேல்தளத்துக் கடையைத் தேடுவோரே காண்பர்.

மூன்றாம் காரணம் வாடகை. காற்றைச் சீராக்கும் இயந்திரங்களுக்கும் நகரும் படிக்கட்டுகளுக்கும் நாளும் செலவுண்டு. அச்செலவு வாடகையிலும் பராமரிப்புக் கட்டணத்திலும் ஏறிற்று. பழைய வணிகருட் பலர் அதனைக் கொடுக்க இயலாது விலகினர். கால்கள் குறைந்த இடத்தில் வாடகை உயர்ந்தால் கடை மூடப்படும். கடை மூடப்பட்டால் கால்கள் மேலும் குறையும். நோய் நோயை வளர்ப்பது போன்ற சுழற்சி அது. கீழே திறந்தவெளியில், குறைந்த வாடகையில், உரத்த குரலில் வாழைப்பழமும் உருளைக்கிழங்கும் விற்றவர்களைச் சுற்றி மாத்திரம் கூட்டம் இருந்தது.

அக்காலத்தில் இவ்வுண்மைகளை அறிந்தவரே இல்லை என்று எண்ணிவிடலாகாது. ஒல்லாந்து நாட்டின் றொட்டர்டாம் நகரம் 1940ஆம் ஆண்டு மே மாதத்திலே குண்டு வீச்சால் மையம் ஏறக்குறைய முழுதும் அழிந்தது. அங்கே, வான் டென் புறூக், பாக்கெமா என்னும் கட்டடக் கலைஞரின் திட்டப்படி, லைன்பான் என்னும் கடைத்தெரு 1953ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. வண்டி புகாத தெரு. இருமருங்கும் தாழ்ந்த கடைகள். மழைக்கு ஒதுங்கக் கடைகளின் முன்னே தொடர்ந்து செல்லும் பந்தல். பொருள்களை இறக்கும் பாரவண்டிகளுக்குக் கடைகளின் பின்புறத்திலே தனி வீதி. அருகிலேயே குடியிருப்பு மாடங்கள். நடப்பவர் தரையிலேயே நடந்தனர்; ஒதுங்கிச் சென்றது வண்டியே. அங்கும் பிற்காலத்திலே நலிவு வந்ததுண்டு. இடிக்கும் எண்ணமும் எழுந்ததுண்டு. ஆயினும் இடிக்கவில்லை, 2010ஆம் ஆண்டில் அது நாட்டின் பாதுகாக்கப்பட்ட சின்னங்களுள் ஒன்றாயிற்று.

பேர்மிங்காமுக்கு அருகிலுள்ள கொவன்றி நகரமும், 1940ஆம் ஆண்டு நவம்பரில் எரியுண்டபின், வண்டி புகாத கடை முற்றத்தை அமைத்தது. தொனால்ட் கிப்சன் என்னும் கட்டடக் கலைஞர், தேவாலயத்தின் கோபுரம் கண்ணெதிரே நிற்கும்படி அதனை வகுத்தார். அங்கே கடைகளை இரண்டு தளங்களில் வைத்தனர். மேல்தளக் கடைகள் கீழ்த்தளக் கடைகளைப் போல் வணிகம் செய்ய இயலாது இடர்ப்பட்டன. ஆகவே, நன்றும் தீதும் ஆகிய இருவகைப் பாடங்களும் அயலிலேயே கிடந்தன. பேர்மிங்காம் அவற்றினும் வண்டியின் வேகத்தையே பெரிதாக எண்ணிற்று.

காலம் மாறிற்று. மோட்டார்த் தொழில் தளர்ந்து வேலையில்லாமை பெருகிய 1980களிலே, நகர மையத்தைப் பற்றிய சிந்தனையும் மாறியது. 1988ஆம் ஆண்டில், ஹைபரி என்னும் பழைய மாளிகையிலே நகர அமைப்பறிஞர் கூடி ஆராய்ந்தனர். சுற்றுவீதி நகரத்தின் கழுத்தை இறுக்கும் கொங்கிறீற்றுப் பட்டையாகிவிட்டது. அதனை உடைத்தாலன்றி மையம் வளராது என்ற முடிவு அங்கே வலுப்பெற்றது. அதே காலத்திலே, புல்றிங்கை இடித்து அதனினும் பெரிய கட்டடமொன்றை எழுப்ப ஒரு நிறுவனம் திட்டம் வகுத்தபோது, நகர மக்களிற் சிலர் குழுவாகக் கூடினர். வெறும் எதிர்ப்புடன் நில்லாது, திறந்த தெருக்களையும் சந்தையையும் கொண்ட மாற்றுத் திட்டமொன்றைத் தாமே வரைந்து காட்டினர். கட்டடக் கலையைக் கல்லாத பொதுமக்களும், தாம் அன்றாடம் நடக்கும் வழியைப் பற்றிச் சொல்லத் தகுதியுடையவரே என்பதை அவர்கள் நிலைநாட்டினர்.

1990களின் தொடக்கத்திலே, நகரின் மற்றொரு பக்கத்திற் சுற்றுவீதியின்மேல் அகன்ற நடைமேடை அமைக்கப்பட்டது. முதன்மைக் கடைவீதியும் நகரமண்டபச் சதுக்கமும் நடப்பவருக்கென ஒதுக்கப்பட்டன. நடப்பவர் மேலே தரையிற் செல்ல, வண்டிகள் கீழே செல்லும் முறை வந்தது. பழைய ஏற்பாடு தலைகீழாயிற்று என்றே கூறலாம். பின்னர் 2000ஆம் ஆண்டிலே பழைய கடைத்தொகுதியை இடிக்கும் வேலை தொடங்கிற்று. கட்டி முப்பத்தாறு ஆண்டுகளே ஆகியிருந்தன. எண்ணூறு ஆண்டு நின்ற சந்தையின்மேல் எழுந்த கட்டடம், ஒரு தலைமுறைக் காலத்தையும் நன்கு கடக்கவில்லை. உருளைக் கட்டடமாகிய றொட்டண்டா மாத்திரம், அதே 2000ஆம் ஆண்டிற் பாதுகாப்புக்குரிய கட்டடமாக அறிவிக்கப்பட்டுத் தப்பியது. இப்போது அதில் மக்கள் குடியிருக்கின்றனர்.

புதிய புல்றிங் 2003ஆம் ஆண்டு செப்ரெம்பர் 4ஆம் திகதி திறக்கப்பட்டது. மூன்று பெரிய நிலவுடைமை நிறுவனங்கள் கூட்டாக அதனை அமைத்தன. முதலில் அவர்கள் தீர்த்துக்கொண்ட சிக்கல் நாம் கையிற் கண்ட அந்தக் குறுக்கு விரலே. நேயர்கள் இப்போது வலக்கைச் சுட்டுவிரலை எடுத்துவிடலாம். சந்தைவெளியை மறித்து நின்ற சுற்றுவீதிப் பகுதி அகற்றி மாற்றப்பட்டது. மேட்டுக் கடைவீதிகளிலிருந்து தேவாலயம்வரை, படியும் சாய்தளமுமாக இறங்கும் திறந்த நடைவீதி மீண்டும் வந்தது. கடைத்தொகுதி அவ்வீதியின் இருபுறமும் இரு பெருங் கட்டடங்களாகப் பிரிந்து நின்றது. வீதியில் இறங்குபவர் கண்ணுக்கு நேரே கூர்ங்கோபுரம் தெரிந்தது. நெல்சன் சிலையும் அவ்வழியிலே இடம் பெற்றது. வாயிலில் வெண்கலக் காளையொன்று நின்று பழைய பெயரை நினைவூட்டிற்று.

சரிவான நிலம் முன்னர் இடையூறாயிருந்தது, இப்போது துணையாயிற்று. மேட்டு வீதியிலிருந்து நேரே நுழைபவர் ஒரு தளத்தையும், தேவாலயச் சதுக்கத்திலிருந்து நுழைபவர் மற்றொரு தளத்தையும் தரைத்தளமாகவே காணலாம். கீழ்த்தளம் மேல்தளம் என்ற ஏற்றத்தாழ்வு பெரிதும் குறைந்தது. குரூன் காட்டிய கணக்கின்படி, இரு கட்டடங்களிலும் முனைக்கொன்றாகப் பேரங்காடி அமைந்தது. கிழக்கிலுள்ள பேரங்காடியின் வளைந்த சுவரை, நீல நிறத்தின்மேல் 15,000 அலுமினியத் தட்டுகள் மூடியிருக்கின்றன. அதனைக் காண்பதற்கென்றே வருபவர் உளர். முதலாண்டிற் பதிவான வருகைகள் 3 கோடியே 60 இலட்சத்துக்கு மேற்பட்டன. சந்தை வணிகருக்கும், தேவாலயத்தின் மறுபுறத்திலே, உட்சந்தையும் திறந்தவெளிச் சந்தையும் தனியே அமைக்கப்பட்டன. மேட்டிலிருந்து இறங்கும் வழி அச்சந்தைவரை தொடர்ந்து செல்வதே அவர்களுக்குக் கிடைத்த பெரும் பேறு.

இதனாற் குறை ஒன்றும் இல்லை என்று நான் கூறவரவில்லை. சிறு வணிகரும் பெருங் கடைகளும் முன்னர் ஒரே வெளியிற் கலந்திருந்தனர். இப்போது மேற்பகுதி பெரியவர்க்கும் அடிப்பகுதி சிறியவர்க்குமாகப் பிரிந்தது. இருமருங்கும் ஒரே உடைமையாளரின் ஆட்சியிலுள்ள தெரு, நகரசபையின் தெருவைப் போல யாவர்க்கும் ஒப்ப உரியதாகுமோ என்ற வினாவும் எழுப்பப்பட்டது. பேரங்காடியை நம்பிய கணக்கும் என்றும் நிலைப்பதன்று. மேற்குக் கட்டடத்தின் முனையிலிருந்த பேரங்காடி, அதன் நிறுவனம் நாடெங்கும் வீழ்ந்தமையால் 2021இல் மூடப்பட்டது. வீட்டிலிருந்தவாறே இணையத்திற் பொருள் வாங்கும் காலம் வந்தபின், எந்தப் பெருங் கடையும் இனி நூறாண்டு நிற்கும் என்று எவராற் கூற இயலும்? ஆயினும் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பழைய தொகுதியிலே கடை மூடியபோது வழியும் வெறிச்சோடிற்று. புதியதிலே, ஒரு கடை மூடினாலும், மக்கள் மேட்டிலிருந்து தேவாலயத்துக்கும் சந்தைக்கும் இறங்கியவண்ணமே இருப்பர். அவ்வழி இருக்கும்வரை மற்றொருவர் வந்து கடை திறப்பார்.

நேயர்களே, கடைத்தொகுதி ஒன்றை அமைக்க வேண்டுமென்ற பேச்சு எந்த நகரிலும் எந்நேரமும் எழலாம். திட்டப்படம் மக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது, கட்டடத்தின் வண்ணப்படத்தைக் கண்டு மயங்கி நிற்பது நம் வழக்கம். அப்படத்தில் மரங்கள் செழித்திருக்கும், வெள்ளுடை உடுத்தோர் சிரித்துக்கொண்டு நிற்பர், மழை பெய்யாது, வெயிலும் எரிக்காது. அதனை விட்டு, நாம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. பஸ்ஸிலிருந்து இறங்குபவர் இன்று எவ்வழியாகச் சந்தைக்கு நடக்கிறார்? அவ்வழி நாளை திறந்திருக்குமா, சுற்றிச் செல்ல வேண்டுமா? நிலத்தின் கீழோ மேம்பாலத்தின் மேலோ ஏறி இறங்கும்படி அவர் பணிக்கப்படுவாரா? பாரவண்டி எப்பக்கத்தில் நின்று பொருள் இறக்கும்? மழையில் ஒதுங்க நிழலுண்டா? மேல்தளத்துக்கு ஒருவர் ஏற வேண்டிய காரணம் யாது? இன்று பாயை விரித்து மரக்கறி விற்கும் பெண்ணுக்கு அங்கே இடமுண்டா? உண்டெனில், அவள் கொடுக்கக்கூடிய வாடகையில் உண்டா? கட்டி முடியும்வரை அவள் எங்கே விற்பாள்?

இக்கேள்விகளுக்கு விடை காணப் பெரும் படிப்பு வேண்டியதில்லை. ஒரு காலையிலும் ஒரு மாலையிலும் சந்தி ஒன்றில் நின்று, எத்தனை பேர் எவ்வழியாற் செல்கின்றனர் என்று எண்ணினாற் போதும். நகர அமைப்பாளரும் இதனையே செய்கின்றனர்; உயர்தர வகுப்பு மாணவர் பதின்மர் குறிப்பேட்டோடு நின்றாலும் செய்துவிடலாம். கட்டுவதற்கு முன்னர் எண்ணினாற் செலவு சிறிது. கட்டியபின் எண்ணினால், பேர்மிங்காமைப் போல, இடிப்பதற்கும் நாமே பணம் தேட வேண்டும். பெருநகரம் அதனைத் தாங்கிற்று. சிறு நகரங்களால் ஒருமுறை பிழைத்ததை மறுமுறை திருத்த இயலுமென்று சொல்வதற்கில்லை. அதற்குள், மூன்று தலைமுறையாக அங்கே கடை வைத்தவர் வேறு தொழிலுக்குச் சென்றிருப்பார்.

தொடக்கத்திற் கூறிய பாடசாலைப் பாதையின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். கயிறு மூன்றாம் முறை அறுந்தபின், அதனை அவிழ்த்துவிட்டோம். அடுத்த விடுமுறையிலே, பிள்ளைகளின் கால்கள் தேய்த்த அந்தக் குறுக்குவழியிலேயே கற்களைப் பதித்தோம். ஓரத்துச் சீமெந்துப் பாதையிற் செவ்வரத்தை இன்றும் பூக்கிறது என்று அப்பாடசாலையில் இப்போது கற்பிக்கும் நண்பர் எழுதியிருந்தார். அப்பாதையால் எவரும் நடப்பதில்லையாம். பூப்பறிக்க மாத்திரம் சிலர் செல்வார்களாம்.